இருநூறு வாக்கும் காப்பாற்றவில்லை

1952 ஜூலை 3 அன்று சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் முதல்வர் ராஜாஜியின் அமைச்சரவை மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 200 பேர், எதிராக 151 பேர். சில மாதங்களுக்கு முன்பு நடந்த பொதுத்தேர்தலில் 375 இடங்களில் வெறும் 152-ஐ வென்றிருந்தது அவருடைய காங்கிரஸ் கட்சி. அந்தக் கட்சியின் அரசு நாற்பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் நிமிர்ந்து நின்றது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை சிக்கல் அன்றோடு தீர்ந்தது. ஆனால், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ராஜாஜி பதவியைவிட்டு விலக வேண்டியிருந்தது. அவரை எதிர்க்கட்சி வாக்கெடுப்பில் வீழ்த்தவில்லை. ஆளுநர் கலைக்கவில்லை. கூட்டாளிகளும் காலை வாரவில்லை. சொந்தக் கட்சியே அவருடன் நிற்க மறுத்தது.

பெரும்பான்மை இல்லாத அரசு என்றதும் நாம் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறோம். தமிழ்நாட்டில் பெரும்பான்மைக்குத் தேவையான 118-க்கு எத்தனை குறைகிறது, யார் யாரோடு போவார்கள், எந்த விடுதியில் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. ராஜாஜியின் இரண்டாண்டு ஆட்சி வேறொன்றைச் சொல்கிறது. எண்ணிக்கையை எப்படியும் திரட்டிவிடலாம். இணக்கத்தை அப்படித் திரட்ட முடியாது. அந்த இணக்கத்தை உருவாக்குவது முதல்வர் ஒருவரின் வேலையும் அல்ல. ஆதரவு தரும் கட்சி, எதிர்க்கட்சி, ஆளுநர், பேரவைத் தலைவர், வாக்காளர் என எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

152 எப்படி 200 ஆனது?

வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை தந்து நடத்தப்பட்ட முதல் பொதுத்தேர்தல், சென்னையில் காங்கிரஸுக்குப் பேரிடியாக இறங்கியது. முதல்வராக இருந்த குமாரசுவாமி ராஜாவே தோற்றார். பக்தவத்சலம் உள்ளிட்ட அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். கம்யூனிஸ்ட் கட்சி அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களோடு இரண்டாவது பெரிய அணியாக எழுந்தது. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் டி.பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணியை அமைத்தன. 166 பேர் தங்களிடம் இருப்பதாகச் சொல்லி, ஆட்சி அமைக்க அழைக்கும்படி கேட்டன. அந்த எண்ணிக்கையும் பாதியை எட்டவில்லை. அதாவது, யார் வந்தாலும் சிறுபான்மை அரசாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நெருக்கடியில்தான் காங்கிரஸ் 73 வயது ராஜாஜியை அழைத்தது. சேலம் நகராட்சித் தலைவர், 1937-ல் பெரும் பலத்தோடு மாகாணப் பிரதமர், மேற்கு வங்க ஆளுநர், நாட்டின் கடைசி கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர் என்று படிப்படியாக ஏறி, ஓய்வை நாடி ஊர் திரும்பியிருந்தவர் அவர். தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். மக்களைச் சந்திக்காமல் முதல்வராவது பற்றி நேருவுக்கே தயக்கம் இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார்; வழக்கு தள்ளுபடியானது. சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றாலும் அந்த ஆட்சியின் முதல் அடியிலேயே ஒரு நெருடல் இருந்தது.

பிறகு எண்ணிக்கை வேகமாகக் கூடியது. ஆறு உறுப்பினர்கள் கொண்ட காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். பத்தொன்பது பேர் கொண்ட உழைப்பாளர் கட்சியின் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சி வெளியிலிருந்து ஆதரவு தந்தார். முஸ்லிம் லீக் கைகொடுத்தது. பிரகாசத்தின் அணியிலிருந்தும் சுயேச்சைகளிலிருந்தும் சிலர் வந்துசேர்ந்தார்கள். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வரக் கூடாது என்பது ராஜாஜியின் வெளிப்படையான நோக்கம். அதை அவர் மறைத்ததே இல்லை.

ஆனால், இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் வட, தென் ஆற்காடு மாவட்டங்களில் காங்கிரஸை எதிர்த்து நின்று வென்றவை. அந்தத் தேர்தலில் போட்டியிடாத திமுக, தன் கொள்கையை ஏற்றுக் கையெழுத்திட்டவர்களுக்கு ஆதரவு தந்தது. இவ்விரு கட்சிகளும் அந்த ஆதரவோடு களம் கண்டவை. காங்கிரஸ் வேண்டாம் என்று வாக்களித்தவருக்கு, தன் வாக்கு காங்கிரஸ் அமைச்சரவைக்கு முட்டுக்கொடுப்பதைப் பார்க்க நேர்ந்தது. இன்ன கோரிக்கைக்காக ஆதரிக்கிறோம், இன்னது நிறைவேறாவிட்டால் விலகுவோம் என்று அவருக்கு யாரும் எழுத்தில் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை தலைவர்களோடு முடிந்தது. ஊர் வரை வரவில்லை.

சிறுபான்மை அரசால் முடியும்

இப்படி அமைந்த அரசு ஒன்றும் செய்யாமல் முடங்கிக் கிடந்தது என்று சொல்ல முடியாது. 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி நீக்கினார். போர்க்காலத்திலிருந்து நீடித்த ரேஷன் முறையும் நெல் நடமாட்டத் தடையும் விலகின. பஞ்சமும் பதுக்கலும் பயமுறுத்திய காலத்தில் துணிந்து எடுத்த முடிவு அது. அதே ஆண்டில், நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பையும் மீறி, தஞ்சை மாவட்டக் குத்தகை விவசாயிகளுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பு தரும் அவசரச் சட்டம் வந்தது. கம்யூனிஸ்ட் விவசாயச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய களம் தஞ்சை. எதிரி என்று தான் அறிவித்தவர்கள் எழுப்பிய பிரச்சினையையே, ஒரு பகுதியாவது, தீர்க்க வேண்டிய கட்டாயம் அந்த அரசுக்கு இருந்தது. பெரும்பான்மை பலம் கொண்ட அரசு இதைத் தள்ளிப்போட்டிருக்கக்கூடும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது எதிர்க் குரலுக்குக் காதுகொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. சிறுபான்மை அரசில் மக்களுக்குக் கிடைக்கும் லாபம் இதுதான்.

ராஜாஜியின் ஆட்சியைச் சாய்த்தது அவர் காதுகொடுக்காத இடம். அது கல்வி.

சரியான பிரச்சினை, தனியாள் தீர்வு

அன்றைய பிரச்சினை உண்மையானது. பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்லியிருந்தது. மாநிலத்திடம் பணம் இல்லை. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்ததால் ஆயத்தீர்வை வருமானமும் போயிருந்தது. ராஜாஜி கண்ட வழி இது: கிராமப் பள்ளிகளை இரண்டு வேளையாகப் பிரித்து, ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம் நடத்துவது; மீதி நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலை அது கற்றுக்கொள்ளும். அதே கட்டிடம், அதே ஆசிரியர், இரண்டு மடங்கு பிள்ளைகள். கணக்கு கச்சிதமாக இருந்தது.

சமூகத்தின் கணக்கு வேறு. தலைமுறை தலைமுறையாகச் சாதி ஒதுக்கிய தொழிலிலிருந்து விடுபடத்தான் ஏழைப் பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளையைப் பாதி நாளுக்கு அதே தொழிலுக்கு அனுப்பும் திட்டத்தை அவர்கள் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. பெரியாரும் திமுகவும் இதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1953 ஜூலையில் திமுக நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை ராஜாஜியின் வீட்டை நோக்கியது.

திட்டத்தின் உள்ளடக்கம் பற்றி இன்றும் வாதிடலாம். அது நடைமுறைக்கு வந்த விதம் பற்றி வாதிட அதிகம் இல்லை. கட்சியைக் கலந்துபேசவில்லை, சட்டமன்றத்தின் ஒப்புதலை முன்கூட்டி நாடவில்லை. 152 இடங்களோடு ஆட்சிக்கு வந்தவர், ஆதரவு தந்த சிறு கட்சிகளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமலே இருந்துவிட்டார். 1953 ஜூலை இறுதியில் விஷயம் சட்டமன்றத்துக்கு வந்தபோது, வாக்குகள் இரு பக்கமும் ஏறத்தாழ சரிசமமாகப் பிரிந்தன. ஓராண்டுக்கு முன்பு நாற்பத்தொன்பது வாக்கு முன்னிலை பெற்ற அரசு அது! திட்டத்தை ஆராய பருலேகர் தலைமையில் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆலோசனையைக் கடைசியில் கேட்டார்கள். அதற்குள் நம்பிக்கை கரைந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர்த் தியாகத்தைத் தொடர்ந்து 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் தனி மாநிலமானது. காங்கிரஸ் மிக மோசமாகத் தோற்ற பகுதிகளில் ஒன்று அது. சட்டமன்றத்தின் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களில் பெரும்பகுதியினரும் அங்கிருந்து வந்தவர்கள். அவர்கள் வெளியேறியதும் ராஜாஜியின் எண்ணிக்கைச் சுமை பெரிதும் குறைந்தது. ஆனாலும், அவருடைய ஆட்சி முடிவுக்கு வந்தது அதன் பிறகுதான். டாக்டர் வரதராஜுலு நாயுடு போன்றவர்கள் காங்கிரஸுக்குள்ளேயே அதிருப்தியாளர்களைத் திரட்டினார்கள். உடல்நிலையைக் காரணம் காட்டி ராஜாஜி விலகினார். 1954 மார்ச் இறுதியில் நடந்த சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி.சுப்பிரமணியத்துக்கு 41 வாக்கு, காமராஜருக்கு 93.

அதே பிரச்சினை, வேறு வழி

முதல்வரான காமராஜர் கையில் வந்ததும் அதே மாநிலம், அதே சட்டமன்றம், அதே காலிக் கஜானா. அவர் தொடங்கிய விதம் வேறு. போட்டியிட்டுத் தோற்ற சுப்பிரமணியத்தையும், அவருக்காக நின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். வெளியிலிருந்து ஆதரவு தந்த ராமசாமி படையாட்சிக்கும் பொறுப்பு தந்தார். அன்று மக்களவை உறுப்பினராக இருந்த காமராஜர், மேலவை வழியை நாடவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்கள் முன் நின்றார். 1954 மே மாதம் அரைநாள் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. காங்கிரஸின் கடும் விமர்சகரான பெரியார் அவரை ஆதரித்தார்.

எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அதற்குக் கிடைத்த விடையில் ஊருக்குப் பங்கு இருந்தது. மதிய உணவுத் திட்டத்தின் செலவில் அரசு ஒரு பங்கு ஏற்றது, ஊரார் ஒரு பங்கு ஏற்றார்கள். கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் கட்டிடமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். தன்னைக் கேட்டுச் செய்த திட்டத்தை ஊர் சுமந்தது. ராஜாஜி தன் அறைக்குள் போட்டுப்பார்த்த கணக்கில் இந்த வரவு இல்லவே இல்லை.

‘மைனாரிட்டி அரசு’ என்ற வசை

தமிழ்நாடு மறுபடியும் இந்த நிலையைச் சந்தித்தது 2006-ல். 234 இடங்களில் திமுகவுக்கு 96. காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6 என்று வெளியிலிருந்து ஆதரவு. ஐந்து ஆண்டும் அதிமுகவின் ஜெயலலிதா அதை ‘மைனாரிட்டி திமுக அரசு’ என்றே அழைத்துவந்தார். முதல்வர் கருணாநிதி ஐந்து ஆண்டையும் நிறைவு செய்தார். இடதுசாரிகளும் பாமகவும் இடையில் விலகிப்போனபோதும் அரசு அசையவில்லை. மத்தியில் மன்மோகன் சிங் அரசுக்குத் திமுக தேவைப்பட்டது. மாநிலத்தில் திமுகவுக்குக் காங்கிரஸ் தேவைப்பட்டது. இரு தரப்புக்கும் தேவை இருந்ததால் உறவு நீடித்தது.

நிலைத்தன்மை கிடைத்தது, சரி. ஆதரவு தந்த கட்சிகள் எந்தக் கொள்கைக்காக ஆதரவு தருகின்றன, எதில் மாறுபடுகின்றன என்பதைச் சட்டமன்றத்தின் முன் எழுத்தில் வைத்திருந்தால் அந்த ஐந்து ஆண்டுகள் இன்னும் பயன்பட்டிருக்கும். மைனாரிட்டி என்பதை ஆளுங்கட்சி அவமானமாக எடுத்துக்கொண்டது. எதிர்க்கட்சி வசையாகப் பயன்படுத்தியது. மக்கள் யாருக்கும் முழு அதிகாரம் தரவில்லை என்றால், எல்லோரும் கலந்து ஆளுங்கள் என்ற கட்டளை அதில் அடங்கியிருக்கிறது என்பதை இரு தரப்பும் பேச மறந்தன.

சட்டம் மாறியது, பழக்கம் மாறவில்லை

ராஜாஜி காலத்தில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அணி மாறுவதற்குத் தடை இல்லை. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டமும், 2003-ல் வந்த திருத்தமும் அந்தக் கதவை அடைத்தன. பெரும்பான்மையை நிரூபிக்கும் இடம் ஆளுநர் மாளிகை அல்ல, சட்டமன்றம்தான் என்று 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவு அடைபட்டதும் ஜன்னல் வழி கண்டுபிடித்தார்கள். தாவுவதற்குப் பதிலாகப் பதவி விலகுவது, பிறகு மறுபக்கக் கட்சியின் வேட்பாளராக இடைத்தேர்தலில் நிற்பது. 2019-ல் கர்நாடகத்தில் குமாரசாமி அரசும், 2020-ல் மத்தியப் பிரதேசத்தில் கமல்நாத் அரசும் கவிழ்ந்தது உறுப்பினர்களின் கூண்டோடு விலகலால்தான். சட்டத்தால் மட்டும் இதைத் தடுக்க முடியாது என்பது தெளிவு. பழக்கம் மாற வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது இருக்கிறது.

முதல்வர் செய்ய வேண்டியது: பெரிய கொள்கை முடிவு எதையும் அறிவிப்பதற்கு முன் ஆதரவுக் கட்சிகளுடனும் துறை அறிந்தவர்களுடனும் பேசுவது. பேசியதைப் பதிவு செய்வது. கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதலும், நாடாளுமன்றத்தில் 1993 முதலும் துறைவாரியான குழுக்கள் இயங்கிவருகின்றன. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே மேசையில் அமர்ந்து துறையின் கணக்கைப் பார்க்கின்றன. எல்லா மாநிலங்களுக்கும் இது வேண்டும். பெரும்பான்மை இல்லாத அரசுக்கு உடனடியாக வேண்டும்.

ஆதரவு தரும் கட்சி செய்ய வேண்டியது: ஆதரவுக்கான விலையை வெளியில் சொல்வது. 2004-ல் மன்மோகன் சிங் அரசுக்கு இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவு தந்தபோது குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் ஒன்று அச்சிட்டு வெளியிடப்பட்டது. ஊரக வேலை உறுதித் திட்டம் அதில் எழுதப்பட்ட வாக்குறுதி. பின்னர் அணுசக்தி ஒப்பந்தத்தில் மாறுபட்டு அவர்கள் விலகியபோதும், ஏன் விலகுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விலகியது சரியா தவறா என்பது வேறு விவாதம். வந்ததும் போனதும் வெளிச்சத்தில் நடந்தன.

எதிர்க்கட்சி செய்ய வேண்டியது: அரசைக் கவிழ்க்க முடியும் என்பதற்காகவே கவிழ்க்காமல் இருப்பது. ஜெர்மனியின் அரசமைப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. பிரதமருக்கு நிகரான சான்சலரை நீக்கும் தீர்மானம், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் தீர்மானமாகவும் இருக்க வேண்டும். நம் சட்டத்தில் அது இல்லை. ஆனால், ‘இவர் வேண்டாம்’ என்று சொல்லும் நாளில் ‘யார், எந்தத் திட்டத்தோடு’ என்பதையும் சேர்த்துச் சொல்ல எதிர்க்கட்சிக்கு எந்தத் தடையும் இல்லை. 1952-ல் ஐக்கிய ஜனநாயக முன்னணியை ஒன்றாகக் கட்டியது காங்கிரஸ் எதிர்ப்பு மட்டுமே. அதனால்தான் அது அவ்வளவு எளிதில் கலைந்தது.

ஆளுநரும் பேரவைத் தலைவரும் செய்ய வேண்டியது: விரைந்து செயல்படுவது, ஒரே அளவுகோலால் அளப்பது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கு ஒரு கட்சிக்கு ஒரு நாளும் இன்னொரு கட்சிக்கு இரண்டு வாரமும் தருவதும், கட்சித்தாவல் புகார்களைப் பேரவையின் காலம் முடியும்வரை கிடப்பில் போடுவதும் குதிரைபேரத்துக்கு அவகாசம் தருவதே.

வாக்காளரும் ஊடகமும் செய்ய வேண்டியது: பதவி விலகி மறுகட்சியில் நிற்பவர் வாசலுக்கு வரும்போது காரணம் கேட்பது. உறுப்பினர்களை விடுதியில் அடைத்துவைக்கும் கூவத்தூர் பாணிக் காட்சிகளைத் திரைப்படம்போல ரசிப்பதை நிறுத்துவது. நம் தொகுதி உறுப்பினர் எந்த உறுதிமொழியின் பேரில் இந்த அரசை ஆதரிக்கிறார் என்று கேட்டு எழுதும் ஒரு கடிதம், ஒரு கிராம சபைக் கேள்வி, ஒரு செய்தி போதும். அந்த உறுப்பினர் அடுத்த பேரத்துக்கு முன் ஒருமுறை யோசிப்பார்.

இந்தத் தேசத்தின் மிகக் கூர்மையான நிர்வாகிகளில் ஒருவர் ராஜாஜி. நேர்மைக்கும் பெயர் பெற்றவர். அறிவும் நேர்மையும் அனுபவமும் இருநூறு வாக்கும் சேர்ந்தும், கேட்காமல் எடுத்த ஒரு முடிவை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அவ்வளவு தகுதி இல்லாத நம் காலத்துத் தலைவர்கள் தனியாக முடிவெடுக்கும் துணிச்சலை எங்கிருந்து பெறுகிறார்கள்? தனிப்பெரும்பான்மையோடு வந்தவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நாளை எந்த மாநிலத்தில் எந்தக் கட்சிக்கு எண்ணிக்கை குறைந்தாலும், நாம் முதலில் கேட்க வேண்டியது “இன்னும் எத்தனை பேர் வேண்டும்?” என்பதல்ல, “என்ன ஒப்பந்தம், அதை எங்கே படிக்கலாம்?” என்பதே.